ஓடினால் கீழ்க்கால் எலும்பு வலிக்கிறது: ஷூவை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 39. கோவையில் வங்கியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ரேஸ் கோர்ஸில் நடந்துகொண்டிருந்தேன். ஜூன் மாதம் ஒரு ஓட்டக் குழுவில் சேர்ந்து ஓட ஆரம்பித்தேன். டிசம்பரில் கோவை மாரத்தானில் 21 கி.மீ. ஓட ஆசை, இன்னும் பத்து வாரம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி வரை ஞாயிற்றுக்கிழமை 7 கி.மீ. ஓடுவேன். அப்புறம் குழுவில் எல்லோரும் 12 ஓடினார்கள் என்று நானும் ஓடினேன். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து வலது காலில், கணுக்காலுக்கு மேலே எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது. ஓட ஆரம்பிக்கும்போது வலி, கொஞ்ச தூரம் போனால் குறைகிறது, மாலையில் மறுபடியும் வருகிறது. ஷூதான் காரணம் என்றார்கள். 17,000 ரூபாய்க்கு கார்பன் பிளேட் ஷூ வாங்கினேன். கடையில் ஓடவிட்டு வீடியோ எடுத்துப் பார்த்து, தட்டைப் பாதம் என்று 4,500 ரூபாய்க்கு இன்சோலும் கொடுத்தார்கள். வலி போகவில்லை. ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னால் டைக்ளோஃபெனாக் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்கிறேன். ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா? வேறு ஷூ வாங்க வேண்டுமா? டிசம்பரில் ஓட முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஷூவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். வலி எங்கே என்பதற்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் முக்கியம், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இன்று மாலை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கணுக்காலின் உள்பக்கம் புடைத்திருக்கும் எலும்பில் கட்டைவிரலை வையுங்கள். அங்கிருந்து முழங்காலை நோக்கி, எலும்பின் உள் விளிம்பு வழியாகவே, ஒவ்வொரு விரற்கடையாக அழுத்திக்கொண்டு மேலே போங்கள். கெண்டைச்சதையை அழுத்த வேண்டாம். எலும்பும் சதையும் சேருகிற ஓரத்தைத்தான் அழுத்த வேண்டும். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினால் போதும். எங்கெங்கே வலிக்கிறதோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அப்புறம் இடது காலிலும் இதையே செய்து பாருங்கள். அந்த ஓரம் பலருக்கு இயல்பிலேயே கொஞ்சம் வலிக்கும், ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

புள்ளிகள் மூன்று விரல் அகலத்துக்கு மேல் வரிசையாக நீண்டிருந்தால், அது பெரும்பாலும் ஓடுகிறவர்கள் ‘ஷின் ஸ்பிளிண்ட்ஸ்’ என்று சொல்லும் பிரச்சினை. கெண்டைத் தசைகளின் இழுப்பையும் ஒவ்வொரு அடியின் பளுவையும் தாங்கித் தாங்கி எலும்பின் அந்த ஓரம் நொந்துபோயிருக்கிறது. ஆரம்பத்தில் வலித்து நடுவில் குறைவதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதோடு பொருந்துகிறது. இது கவனித்தால் சரியாகும்.

புள்ளி ஒரே இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்துக்குள் விழுந்து, அங்கே அழுத்தினால் துள்ளுகிற மாதிரி வலித்தால் விஷயம் வேறு. ஓட ஓட வலி கூடுகிறதா? சும்மா நடந்தாலே வலிக்கிறதா? ராத்திரி படுத்த பிறகும் அந்த இடம் குடைகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், எலும்பில் மெல்லிய விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்பது இதுதான். வலி உள் விளிம்பில் இல்லாமல் எலும்பின் முன்பக்க முகட்டில், நடுப்பகுதியில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே விழும் விரிசல் லேசில் ஆறாது. அப்படியானால் ஒரு அடிகூட ஓடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

எக்ஸ்ரே எடுத்து “ஒன்றும் இல்லை” என்று வந்தால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுபடி ஓடப் போய், முழு முறிவோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சரி, இனி நீங்கள் முதல் வகை என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இது ஏன் வந்தது என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 7 கி.மீ.யிலிருந்து 12. நெஞ்சும் மூச்சும் ஓட்டத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். ஆறு வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்து, இன்னும் கொஞ்சம் ஓடலாமே என்று தோன்றும். எலும்பு அந்த வேகத்துக்கு வராது. பளு கூடும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. கரைப்பதற்குச் சில வாரம் போதும், கட்டி உறுதியாவதற்கு மாதக்கணக்கில் ஆகும். வீட்டுக்கூரையில் பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுப் புது ஓடு வேய்கிற மாதிரி, நடுவில் ஒரு காலம் கூரை திறந்தே கிடக்கும். அந்த நேரத்தில்தான் உங்கள் 12 கி.மீ. வந்து விழுந்தது.

வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் அடிபடாது என்று உங்கள் குழுவிலும் சொல்லியிருப்பார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரை வைத்து இதைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்து சதவீதக் கணக்கில் மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. 2025-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு எனக்கு அதிகம் உதவுகிறது. வாரக் கணக்கைவிட ஒரே ஓட்டத்தின் நீளம்தான் அதில் காயத்தோடு ஒத்துப்போனது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் தாண்டினால் ஆபத்து கூடியது. இரண்டு மடங்காக்கினால் இன்னும் நிறையக் கூடியது. உங்கள் 7 கி.மீ.க்கு அடுத்த படி 7.7 கி.மீ. குழு 12 ஓடினால், நீங்கள் எட்டு கி.மீ.யை நெருங்கும்போது நின்று இளநீர் குடித்துவிட்டு அவர்களுக்காகக் காத்திருங்கள். உங்களோடு ஓடுகிறவர்கள் ஐந்து வருடமாக ஓடுகிறவர்களாக இருக்கலாம். அவர்கள் எலும்பின் வயது வேறு.

இப்போது மாத்திரை. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்கிறது என்பதால் டைக்ளோஃபெனாக்கை எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். வலியை மறைத்துவிட்டு ஓடினால், எலும்பு எங்கே தாங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். அதைவிடப் பெரிய பயம் சிறுநீரகம். வியர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த வகை மாத்திரைகள் அதை இன்னும் குறைக்கும். வெறும் வயிற்றில் விடிகாலையில் போடுவது வயிற்றுக்கும் கேடு. ஓட்டம் முடிந்த பிறகு வலிக்கிற இடத்தில் ஐஸ் வைத்தால் கொஞ்சம் இதமாக இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். அது வலிக்கு மட்டும்தான், எலும்பை ஆற்றாது.

ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா என்று கேட்டீர்கள். இரண்டு வாரம் நிறுத்துங்கள். படுத்துக் கிடக்கச் சொல்லவில்லை. வலிக்காத வரை நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், நீச்சல் தெரிந்தால் நீந்தலாம். மூச்சு பழகியது வீணாகாது. அரைமணி நேரம் வேகமாக நடந்தும் வலிக்கவில்லை, கட்டைவிரல் சோதனையில் வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது என்ற நிலை வந்ததும் மறுபடி தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலையில் வலி கூடவில்லை என்றால் அடுத்த முறை ஒன்றரை நிமிடம் ஓடுங்கள், கூடியிருந்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். பத்துக்கு இத்தனை என்று வலிக்கு மனசுக்குள் மதிப்பெண் போடுங்கள். ஓடும்போது இரண்டைத் தாண்டக் கூடாது. நடுவில் குறைந்துவிடுகிறதே என்று நீட்டக் கூடாது, உங்களை ஏமாற்றியதே அந்தக் குறைவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விலங்குகளில் செய்த ஆய்வுகளில், எலும்பு பளுவுக்குத் தருகிற பதில் முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை அடி விழுந்தாலும் எலும்புக்குப் பெரிதாக லாபம் இல்லை, தேய்மானம் மட்டும் சேருகிறது. சில மணி நேரம் ஓய்வு கிடைத்த பிறகுதான் மறுபடி அந்த உணர்வு திரும்புகிறது. அதனால்தான் என்னிடம் வருகிற புதியவர்களுக்கு, ஞாயிறு ஒரே பெரிய ஓட்டத்தைவிட வாரத்தில் நான்கு சிறிய ஓட்டங்களைப் பரிந்துரைக்கிறேன். வங்கி வேலையோடு அது கஷ்டம் என்று தெரியும். இருபது நிமிடம் போதும்.

நடப்பவர்கள் ஓட வரும்போது பெரும்பாலும் விட்டுவிடுவது கெண்டைக்காலைத்தான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசையைக் கெண்டைத் தசைகள் வாங்குகின்றன. நடைப்பயிற்சி எத்தனை வருடம் செய்திருந்தாலும் அந்தப் பளு அவற்றுக்குப் பழக்கமில்லை. வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, விரல்பகுதி மட்டும் படியில் இருக்கும்படி நின்று, குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். முதலில் இரண்டு காலிலும் சேர்த்து, மூன்று சுற்று, சுற்றுக்குப் பதினைந்து. முழங்காலை நீட்டி ஒரு நாள், லேசாக மடக்கி ஒரு நாள். மடக்கிச் செய்யும்போதுதான் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை அதிகம், உங்கள் வலிக்கு அது அவசியம். வலியில்லாமல் வந்ததும் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். ஒற்றைக் காலில் இடைவிடாமல் இருபத்தைந்து முறை வந்த பிறகு முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் போட்டுக்கொண்டு செய்யலாம். இது சலிப்பான வேலைதான். ஆனால் நீங்கள் ஷூவுக்கும் இன்சோலுக்கும் கொடுத்த 21,500 ரூபாயைவிட இந்த மாடிப்படி உங்களுக்கு அதிகம் உதவும்.

ஓடும்போது அடி எப்படி விழுகிறது என்றும் பாருங்கள். முப்பது விநாடியில் வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 38 என்றால் நிமிடத்துக்கு 152 அடி. அதே வேகத்தில், அடியைக் கொஞ்சம் சின்னதாக்கி 160-க்குக் கொண்டுவாருங்கள். அடி எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே முழங்காலும் இடுப்பும் வாங்குகிற பளு குறைகிறது என்று 2011-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. காலை உடம்புக்கு முன்னால் வெகுதூரம் நீட்டி ஊன்றுவது குறையும்போது கீழ்க்காலுக்கும் ஆறுதல் கிடைக்கும். எல்லோரும் 180 வைக்க வேண்டும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். உயரத்துக்கும் வேகத்துக்கும் தக்கபடி அது மாறும்.

இனி ஷூ. கார்பன் பிளேட் ஷூ கெட்டது இல்லை. 2019-ல் கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே வியன்னாவில் 42.195 கி.மீ.யை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியது இந்த வகை ஷூவில்தான். தடித்த, துள்ளுகிற ஃபோம். நடுவில் விறைப்பான தகடு. வேகமாக ஓடுகிறவர்களின் போட்டி நாளுக்காகச் செய்தது. நீங்கள் ஓடுகிற வேகத்தில் அதன் பலன் குறைவு. உயரமான மெத்தென்ற அடிப்பாகத்தில் கணுக்கால் ஆடாமல் நிற்கவே தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். இந்த ஷூக்களில் ஓடிய ஐந்து பேருக்குப் பாதத்தின் நடு எலும்பில் ஏற்பட்ட காயத்தை 2023-ல் ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. இருந்தாலும் ஏற்கெனவே எலும்பு நொந்திருக்கும் ஒருவருக்கு இதைத் தினசரி போடச் சொல்ல எனக்கு மனமில்லை. பத்திரமாக எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் பயன்படும்.

தட்டைப் பாதம் என்று சொன்னதற்கும் பயப்படாதீர்கள். பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரீன் படை மூன்றிலும் பயிற்சிக்கு வந்தவர்களிடம் சோதித்தார்கள். வளைவுக்கேற்ப ஷூ வாங்கியவர்களுக்கும், எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்த ஷூவைப் போட்டவர்களுக்கும் காயத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தட்டைப் பாதத்தோடு நிம்மதியாக ஓடுகிறவர்கள் ஏராளம். கடையில் எடுத்த வீடியோ உங்கள் கணுக்கால் உள்ளே சாய்வதைக் காட்டியிருக்கும். எல்லோருக்கும் ஓரளவு சாயும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அந்தச் சாய்வு வேண்டும். இன்சோல் போட்டால் வலி குறைகிறது என்றால் ஒன்றிரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

வேறு ஷூ வாங்க வேண்டுமா என்றால், பழைய நடை ஷூவை முதலில் பாருங்கள். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். குதிகால் பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதா? பக்கவாட்டில் ஃபோமில் சுருக்கம் விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் கல்லாக இருக்கிறதா? அப்படியானால் அது முடிந்துவிட்டது. ஓட்ட ஷூ பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை வரும். வாரத்துக்கு 30 கி.மீ. ஓடுகிறவருக்கு நான்கிலிருந்து ஆறு மாதம். அடிப்பாகம் தேயாமல் புதிது மாதிரி இருந்தாலும் உள்ளே ஃபோம் உயிரிழந்திருக்கும், அதனால் கிலோமீட்டர் கணக்கை வைத்துக்கொள்வது நல்லது.

ஐயாயிரம் முதல் எட்டாயிரம் ரூபாய்க்குள் தினசரி ஓட்டத்துக்கான நல்ல ஷூ கிடைக்கிறது. சாயங்காலம் கடைக்குப் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நம் ஊரில் செருப்பிலேயே வளர்ந்த கால்களுக்கு முன்பாதம் அகலமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். சுண்டுவிரலை ஷூ நெருக்கினால் ஒரு சைஸ் கூட்டாதீர்கள், அகலமான ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள். நீளத்தைக் கூட்டினால் குதிகால் கழன்று கழன்று கொப்புளம் வரும். இரண்டு மூன்று ஜோடியைப் போட்டுக் கடை வாசலில் ஓடிப் பாருங்கள். உங்கள் காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதுதான். எத்தனையோ ஆய்வுக்குப் பிறகும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. “போகப் போகப் பழகிவிடும்” என்று விற்பவர் சொன்னால் வாங்காதீர்கள்.

மற்ற சாமான்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பருத்தி சாக்ஸ் வேர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் உண்டாக்கும், வேர்வை காய்கிற சிந்தெடிக் சாக்ஸ் போடுங்கள். தொடை, அக்குள் உரசும் இடங்களில் வாஸ்லின். மார்பைச் சரியாகத் தாங்கும் ஸ்போர்ட்ஸ் பிராவுக்குக் காசு பார்க்காதீர்கள். கால் முழுக்க இறுக்குகிற கம்ப்ரஷன் சாக்ஸ், கலர் டேப், ஸ்பிரே எல்லாம் இதமாக இருந்தால் போடலாம். அவை காயத்தை ஆற்றும் என்று நினைத்துப் போடாதீர்கள்.

ரேஸ் கோர்ஸ் சுற்று ஏறக்குறைய இரண்டரை கி.மீ. எப்போதும் ஒரே திசையில் சுற்றுகிறீர்கள் என்றால், வாரத்தில் பாதி நாள் எதிர்த்திசையில் ஓடுங்கள். வளைவும் சாலைச் சரிவும் எப்போதும் ஒரே காலுக்கே வேலை கொடுக்கும்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஓட ஆரம்பித்த பிறகு மாதவிடாய் தள்ளிப்போகிறதா, நின்றுபோயிருக்கிறதா? எடை குறைக்க வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டீர்களா? உடம்புக்குப் போதிய உணவு கிடைக்காதபோது அது முதலில் கைவைக்கும் இடங்களில் எலும்பும் மாதவிடாயும் உண்டு. வெறும் காபியோடு பத்து கி.மீ. ஓடிவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன், மனசு சங்கடப்படுகிறது. ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழமாவது, ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இட்லி, சாம்பாரோடு முட்டையோ சுண்டலோ சாப்பிடுங்கள். வைட்டமின் டி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது) மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். நல்ல வெயில் அடிக்கிற ஊரில் இருந்தும் நம்மில் பலருக்கு வைட்டமின் டி குறைவாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 21 கி.மீ.? இந்த முறை வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டு வாரம் ஓய்வு, அப்புறம் நிற்காமல் அரைமணி நேரம் ஓடுவதற்கு நான்கைந்து வாரம். மிஞ்சுவது மூன்று வாரம். அதற்குள் 21-க்குப் போவது 7-லிருந்து 12-க்குத் தாவியதையே பெரிதாகச் செய்வது. வலி முழுக்கப் போயிருந்தால் 10 கி.மீ. பிரிவில், நடுவில் நடந்து நடந்து ஓடலாம். 21-க்குப் பெயர் கொடுத்திருந்தால், அந்தப் பிரிவுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ஏமாற்றமாக இருக்கும், புரிகிறது. 21-ஐ அடுத்த வருடத்துக்கு வையுங்கள், உங்களால் நிச்சயம் முடியும்.

மூன்று வாரம் கழித்தும் கட்டைவிரல் சோதனையில் வலி குறையவில்லை என்றால், விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற மருத்துவரிடமோ ஃபிசியோவிடமோ நேரில் போங்கள். போகும்போது பழைய ஷூ, புது ஷூ, இன்சோல் மூன்றையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். வாட்சிலோ ஃபோனிலோ இருக்கும் ஜூன் முதலான ஓட்டக் கணக்கையும் திறந்து காட்டுங்கள்.